இன்ஸ்டாலர் கடைசிப் படியில் நிற்கிறது, "லிப்டின்ஃபோ.எஸ்ஓ.5 இல்லை" என்கிறது (உபுண்டு 24.04)

குரோம்பேட்டை மாணவி | செவ்வாய், இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். நான் மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பொறியியலில் இறுதியாண்டு படிக்கிறேன். செயல்திட்டத்துக்காக எஃப்பிஜிஏ (உட்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்) வடிவமைப்பு மென்பொருள் ஒன்றை என் மடிக்கணினியில் நிறுவ ஐந்து நாட்களாக முயன்றுகொண்டிருக்கிறேன். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணினிதான், ஆனால் 16 ஜிபி ரேம் இருக்கிறது, லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 24.04 நன்றாகவே ஓடுகிறது. ஆய்வகத்திலுள்ள போர்டுக்கு மென்பொருளின் பழைய பதிப்புதான் பொருந்தும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டதால் புதிய பதிப்புக்கு மாற வழியில்லை.

இரண்டு இரவுகள் தரவிறக்கி இன்ஸ்டாலரை ஓட்டினேன். கோப்புகள் அனைத்தையும் பிரித்து வைத்துவிட்டு, நிறுவப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் தயாரிப்பதாகச் சொல்லும் கடைசிப் படியில் அது அப்படியே நின்றுவிட்டது. பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. மூன்று மணி நேரம் காத்திருந்து நிறுத்தினேன். மறுபடியும் ஓட்டினேன், அதே இடத்தில்தான் நின்றது. பிறகு டெர்மினலில் மென்பொருளை நேரடியாக இயக்கிப் பார்த்தபோதுதான், பகிர்வு லைப்ரரிகளை (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்தொகுப்புக் கோப்புகளை) ஏற்றுவதில் பிழை, லிப்டின்ஃபோ.எஸ்ஓ.5 என்ற கோப்பைத் திறக்க இயலவில்லை, அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது.

அதன்பின் நான் செய்தவற்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வகுப்புத் தோழர் ஒருவர் சொன்னபடி, கணினியில் ஏற்கெனவே இருந்த லிப்டின்ஃபோ.எஸ்ஓ.6 கோப்புக்கு 5 என்று முடியும் பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) போட்டேன். மென்பொருள் திறந்தது, ஆனால் சின்தசிஸ் (எழுதிய வடிவமைப்பைச் சுற்றாக மாற்றும் படி) தொடங்கியதும் மூடிக்கொண்டது. பிறகு ஓர் இணையப் பக்கத்தில் பார்த்து, மென்பொருளின் லைப்ரரிக் கோப்புறையை எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறியில் சேர்த்து, அந்த வரியை, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பிலேயே எழுதிவைத்தேன். இப்போது வரைகலை தொடர்பான இடத்தில், எல்எல்விஎம் என்ற லைப்ரரிக்கு ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 என்ற பதிப்பு முத்திரை தேவை, அது லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6 என்ற சி++ லைப்ரரிக் கோப்பில் இல்லை என்று வருகிறது. இதற்கு முன்பு ஒழுங்காக ஓடிய வேறு சில நிரல்களும் டெர்மினலிலிருந்து திறக்க மறுக்கின்றன. அதோடு, உடன் வந்த பழைய சிமுலேட்டரை இயக்கினால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்கிறது. கோப்பு என் கண்ணெதிரே இருக்கிறது. எல்எஸ் கட்டளையிலும் தெரிகிறது.

கணினியின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியையே தரவிறக்கி மாற்றிவிடும்படி இன்னொரு பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அதைச் செய்யப் பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை எனக்கு இரண்டாம் மதிப்பாய்வு. 22.04-ஐப் புதிதாகப் போட்டுக்கொள்வதுதான் ஒரே வழியா?

---

பெருங்குடி பொறியாளர் | செவ்வாய், இரவு 11.55

பயந்தது நல்லதாயிற்று. ஜிலிப்சியைக் கையால் மாற்றியிருந்தால் இந்தக் கேள்வியை எழுதவே கணினி திறந்திருக்காது. எல்எஸ் முதல் சூடோ வரை ஏறத்தாழ எல்லாக் கட்டளைகளும் அதன்மேல்தான் நிற்கின்றன. 22.04-க்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. சிப் வடிவமைப்புத் துறையில் இருப்பதால் இவ்வகைப் பிழைகளை மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். டெர்மினலில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளைத் தட்டிக்கொள்ளுங்கள்.

எதையும் புதிதாகச் சேர்க்கும் முன், இதுவரை செய்தவற்றைத் திரும்பப் பெறுங்கள். நீங்கள் போட்ட சிம்லிங்கை நீக்குங்கள். நீக்கும் முன் எல்எஸ் -எல் கொடுத்து, அது 5 என்ற பெயரிலுள்ள இணைப்புதான், 6 என்ற அசல் கோப்பு அல்ல என்று இரண்டு முறை பாருங்கள். அசலை நீக்கினால் பாஷே திறக்காது. பிறகு பாஷ்ஆர்சியில் எழுதிய வரியை எடுத்துவிட்டுப் புதிய டெர்மினலைத் திறவுங்கள். திறக்க மறுத்த மற்ற நிரல்கள் இந்த ஒன்றிலேயே சரியாகிவிடும். எல்டி_லைப்ரரி_பாத் என்பது உங்கள் மென்பொருளுக்கு மட்டும் சொல்லப்படும் வழி அன்று. அந்த டெர்மினலில் பிறக்கும் ஒவ்வொரு நிரலும், கணினியின் சொந்த லைப்ரரிகளைத் தேடும் முன் அந்தக் கோப்புறையைத்தான் தேடும். உங்கள் மென்பொருள் தன்னோடு கொண்டுவந்த பழைய லிப்எஸ்டிடிசி++ அங்கே இருக்கிறது. எல்லா நிரல்களும் அதில் போய் விழுந்தன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வந்த மூன்று செய்திகளும் ஒன்றுபோல் தோன்றினாலும் மூன்றும் வெவ்வேறு நோய்கள். முதலாவது, பெயரே கிடைக்கவில்லை என்பது. இரண்டாவது, பெயர் கிடைத்தது, உள்ளே வேண்டிய பதிப்பு இல்லை என்பது. மூன்றாவது, கோப்பு இருந்தும் இல்லை என்பது. அதை இங்கே ஆய்வகம் நடத்தும் நண்பர் என்னைவிட நன்றாகச் சொல்வார் என்பதால் அவருக்கே விடுகிறேன்.

முதல் நோயில் பார்க்க வேண்டியது பெயரின் கடைசியிலுள்ள எண். எஸ்ஓ.5 என்பதிலுள்ள 5 அலங்காரத்துக்கு இல்லை. அந்த லைப்ரரியை எழுதியவர்கள், இந்த எண் மாறாதவரை பழைய நிரல்கள் எங்களை நம்பி ஓடலாம் என்று கொடுத்திருக்கும் வாக்கு அது. லிப்டின்ஃபோவைத் தரும் என்கர்சஸ் தொகுப்பு 2015-இல் 6-ஆம் பதிப்புக்கு மாறியபோது உள்ளமைப்புகள் சில மாறின, அந்த வாக்கு முடிந்தது, எண்ணும் 6 ஆயிற்று. நீங்கள் போட்ட சிம்லிங்க், ஆளை மாற்றாமல் வீட்டுப் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியதற்குச் சமம். நம்பாவிட்டால் ரீட்எல்ஃப் -டி கொடுத்து அந்தக் கோப்பைப் பாருங்கள். வெளியே 5 என்று பெயர் வைத்தாலும் உள்ளே எஸ்ஓநேம் என்ற இடத்தில் 6 என்றே பொறித்திருக்கும். சில நிரல்கள் இந்த ஏமாற்றில் ஓடிவிடும், சில பாதி வழியில் விழும். உங்களுடையது விழுந்திருக்கிறது. விழாமல் ஓடியிருந்தால் என்னவாகும் என்றுதான் நான் கவலைப்படுவேன், ஏனெனில் தவறான விடையைத் தந்துவிட்டுப் பிழையே சொல்லாத மென்பொருளைவிட விழுந்துவிடும் மென்பொருள் மேல்.

ஆகவே தேவை உண்மையான 5. உபுண்டு 24.04-இன் களஞ்சியத்தில் லிப்டின்ஃபோ5, லிப்என்கர்சஸ்5 ஆகிய இரண்டையும் நீக்கிவிட்டார்கள், 22.04-இன் யூனிவர்ஸ் பகுதியில் இரண்டும் இருக்கின்றன. உபுண்டுவின் அதிகாரபூர்வப் பேக்கேஜ் தளத்தில் 22.04-ஐத் தேர்ந்தெடுத்து, இரண்டு டெப் (நிறுவல்) கோப்புகளையும் ஏஎம்டி64 (64-பிட்) வகையில் இறக்கி, உபுண்டுவின் நிறுவல் கருவியான ஏபிடியின் இன்ஸ்டால் கட்டளைக்கு அடுத்து புள்ளியும் சாய்கோடும் சேர்த்துக் கோப்பின் பெயரைக் கொடுத்து நிறுவுங்கள். 6-உடன் 5 பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டுக்கும் சண்டை இல்லை, எண் வேறு என்பதன் பயனே அதுதான். தயவுசெய்து 22.04-இன் களஞ்சியம் முழுவதையும் ஏபிடியின் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அடுத்த முறை ஏதாவது நிறுவும்போது எந்தப் பேக்கேஜ் எந்த ஆண்டிலிருந்து வருகிறது என்று ஏபிடியும் குழம்பும், நீங்களும் குழம்புவீர்கள்.

இன்ஸ்டாலர் ஏன் வாய் திறக்காமல் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசிப் படியில் அது கோப்பு எதையும் பிரிப்பதில்லை. அப்போதுதான் நிறுவி முடித்த மென்பொருளைப் பின்னணியில் இயக்கி, சாதனப் பட்டியலைக் கேட்கிறது. உள்ளே போனவர் லைப்ரரி கிடைக்காமல் வாசலிலேயே விழுந்துவிட்டார். வெளியே நிற்பவருக்கு அது தெரியாது, காத்துக்கொண்டே நிற்கிறார். லிப்டின்ஃபோ5 வந்த பிறகு, பாதியில் நின்ற கோப்புறையை அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுங்கள். தரவிறக்கிய கோப்பு இருக்கிறதல்லவா, மறுபடியும் இரண்டு இரவுகள் ஆகாது.

---

கிண்டி ஆய்வகப் பொறுப்பாளர் | புதன், காலை 7.20

மேலே நண்பர் எனக்கு விட்ட பகுதி, நான் ஒரு செய்முறைத் தேர்வு நாளுக்கு முந்தைய மாலையில் பாடுபட்டுக் கற்றது.

"அப்படி ஒரு கோப்பு இல்லை" என்ற செய்தியில் இல்லாமற்போனது நீங்கள் இயக்கிய கோப்பு அன்று. ஒவ்வொரு நிரலின் தலைப்பகுதியிலும், என்னை நினைவகத்தில் ஏற்றும் ஏற்றி இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஒரு முகவரி எழுதியிருக்கும். அந்த ஏற்றி கணினியில் இல்லையென்றால், கெர்னல் திருப்பித் தருவது இதே பொத்தாம்பொதுவான செய்தியைத்தான். எது இல்லை என்று பெயர் சொல்லாது. ஃபைல் என்ற கட்டளையை அந்தச் சிமுலேட்டர் கோப்பின் மீது ஓட்டிப் பாருங்கள். 32-பிட், இன்டெல் 80386 என்று வரும் என்பது என் ஊகம். ஏற்றியின் பெயரும் அதே வரியில் எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2 என்று இருக்கும். உங்கள் 64-பிட் உபுண்டுவில் அது இயல்பாக இருப்பதில்லை. அதனால்தான் இத்தகைய கோப்பின் மீது எல்டிடியை (ஒரு நிரலுக்கு எந்த லைப்ரரிகள் தேவை என்று பட்டியலிடும் கட்டளை) ஓட்டினாலும், இது இயங்குநிலை நிரலே அன்று என்று உண்மைக்கு மாறான பதில் வருகிறது.

டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386 என்று கொடுத்து (ஐ386 என்பது 32-பிட் வகை), ஏபிடி அப்டேட் செய்து, பிறகு லிப்சி6, லிப்எஸ்டிடிசி++6, லிப்எக்ஸ்11-6, லிப்எக்ஸ்எக்ஸ்ட்6, லிப்எக்ஸ்எஃப்டி2 ஆகியவற்றை ஒவ்வொன்றின் பின்னும் முக்காற்புள்ளியும் ஐ386-உம் சேர்த்து நிறுவுங்கள். லிப்சி6 வந்தவுடனேயே எல்டிடி உண்மை பேசத் தொடங்கும்; மீதி எது இல்லை என்று அதுவே பெயர்பெயராகச் சொல்லும். என்கர்சஸ் 5-ஐக் கேட்டால், மேலே சொன்ன இரண்டு டெப் கோப்புகளின் ஐ386 வகையையும் 22.04-இலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். இன்னும் பழைய மென்பொருளாக இருந்தால் லிப்பிஎன்ஜி12-ஐயும் கேட்கும்; அது 16.04-இல் இருந்தது, இன்றைய உபுண்டுகளில் இல்லை. 2019-இல் உபுண்டு 32-பிட் பேக்கேஜ்களை முற்றாகக் கைவிடப்போவதாக அறிவித்து, விளையாட்டு மென்பொருள் பக்கமிருந்து எழுந்த எதிர்ப்பால் குறிப்பிட்ட சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டது. இன்று பொறியியல் மாணவர் ஒருவரின் பழைய சிமுலேட்டர் ஓடுவதற்கு கணினி விளையாட்டு ரசிகர்களும் ஒரு காரணம்.

தேர்வுக்கு முந்தைய அந்த மாலைக்கு வருகிறேன். 40 கணினிகள் கொண்ட ஆய்வகத்துக்கு உரிமம் வழங்கும் சேவையகத்தை அன்றுதான் புதிய உபுண்டுவுக்கு மாற்றியிருந்தோம். உரிமச் சேவை நிரலை இயக்கினால் "அப்படி ஒரு கோப்பு இல்லை." 32-பிட் நோய்தான் என்று நினைத்து ஐ386 லைப்ரரிகள் அத்தனையையும் கொட்டினேன், ஒன்றும் அசையவில்லை. இரவு எட்டரை மணிக்குத்தான் ரீட்எல்ஃப் -எல் கொடுத்துப் பார்க்கத் தோன்றியது. நிரல் 64-பிட்தான், ஆனால் அது கேட்ட ஏற்றியின் பெயர் எல்டி-எல்எஸ்பி-எக்ஸ்86-64.எஸ்ஓ.3. லினக்ஸ் ஸ்டாண்டர்டு பேஸ் என்ற பொதுத்தரத்தின்படி கட்டப்பட்ட நிரல்கள் இப்படித்தான் கேட்கும். அந்தப் பெயரைத் தரும் எல்எஸ்பி பேக்கேஜ் இல்லாத கணினியில் அந்தக் கோப்பு இருக்காது. எல்ஐபி64 கோப்புறையில் அந்தப் பெயருக்கு, ஏற்கெனவே இருக்கும் எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2-ஐக் காட்டும் ஒரு சிம்லிங்க் போட்டதும் சேவை எழுந்தது.

சிம்லிங்க் போடாதே என்று மேலே சொல்லிவிட்டு இங்கே நானே போடச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். அந்த எல்எஸ்பி பேக்கேஜும் அந்தப் பெயரை இப்படி ஒரு சிம்லிங்காகத்தான் தருகிறது. இரண்டு பெயர்களும் சுட்டுவது ஒரே ஏற்றியை. 5-ஐக் கேட்டவருக்கு 6-ஐக் காட்டுவது அப்படிப்பட்டதன்று.

ஒரு பக்கக் குறிப்பு: 24.04-இல் பல பேக்கேஜ்களின் பெயருக்குப் பின் டி64 என்ற வால் முளைத்திருக்கிறது. 2038-ஆம் ஆண்டில் 32-பிட் நேரக் கணக்கு நிரம்பி வழியும் சிக்கலுக்காக டெபியனும் உபுண்டுவும் செய்த பெயர்மாற்றம் அது. லிப்அசவுண்ட்2 இப்போது லிப்அசவுண்ட்2டி64. பழைய கையேட்டைப் பார்த்துத் தட்டும்போது பேக்கேஜ் கிடைக்கவில்லை என்று வந்தால், வாலைச் சேர்த்துப் பாருங்கள்.

---

தரமணி | புதன், காலை 9.05

மேலே இருவர் சொன்னதும் சரியே. ஆனாலும் இந்த வழியில் எனக்கு உடன்பாடு இல்லை. இன்று லிப்டின்ஃபோ5, நாளை லிப்பிஎன்ஜி12, மறுநாள் வேறொன்று என்று வெவ்வேறு ஆண்டுகளின் டெப் கோப்புகளைத் தேடித்தேடி ஒரு கணினிக்குள் அடுக்குவது ஒட்டுப்போட்ட சட்டைக்கு மேலும் ஒட்டுப்போடுவதுதான். இந்த மென்பொருள்களைத் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸையும் சூசேவையும்தான் முதலில் மனத்தில் வைத்துக் கட்டுகிறார்கள். உபுண்டுவை ஆதரித்தாலும் குறிப்பிட்ட ஆண்டின் பதிப்பை மட்டும் பெயர் சொல்லி ஆதரிக்கிறார்கள். லைப்ரரி இல்லை என்ற செய்தியை நான், நான் பிறந்த ஊர் இது இல்லை என்று அந்த மென்பொருள் சொல்வதாகவே படிக்கிறேன். பிறந்த ஊரையே பக்கத்தில் கட்டிக்கொடுத்தால் கேள்வி முடிந்தது.

பாட்மேன், டிஸ்ட்ரோபாக்ஸ் என்ற கருவிகளை நிறுவி, உபுண்டு 22.04-ஐயோ அல்மாலினக்ஸ் 8-ஐயோ ஒரு கன்டெய்னராக (கணினிக்குள் தன் சொந்த லைப்ரரிகளோடு தனித்து ஓடும் சூழலாக) உருவாக்குங்கள். ஹோம் கோப்புறை, திரை, யுஎஸ்பி ஆகிய எல்லாம் வெளியே இருப்பதுபோலவே உள்ளேயும் தெரியும். 22.04 கன்டெய்னருக்குள் லிப்டின்ஃபோ5 என்று கேட்டால் ஏபிடி மறுபேச்சின்றித் தரும். அல்மா 8-இல் ஜிலிப்சி 2.28, உங்கள் 24.04-இல் 2.39, இரண்டும் ஒரே கணினியில் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். கணினியின் வலையட்டை (மேக்) முகவரிக்குக் கட்டுப்பட்ட உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் டிஸ்ட்ரோபாக்ஸ் தோதானது, ஏனெனில் அது கணினியின் வலையமைப்பையே பயன்படுத்துகிறது. சாதாரண டாக்கர் கன்டெய்னர் வேறொரு முகவரியைக் காட்டுவதால் உரிமம் செல்லாது என்று வந்து நிற்கும்.

ஒரே இடறல் போர்டுக்கான கேபிள். செருகும் சாதனங்களை லினக்ஸ் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் யுடெவ் விதிகளைக் கன்டெய்னருக்குள் எழுதினால் பயனில்லை. வெளியே, உண்மையான கணினியில் எழுத வேண்டும். இதில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

---

பெருங்குடி பொறியாளர் | புதன், காலை 9.30

தரமணி நண்பர் சொல்வதை நான் மறுக்கவில்லை; அலுவலகத்தில் நாங்களும் கன்டெய்னரில்தான் ஓட்டுகிறோம். வெள்ளிக்கிழமை மதிப்பாய்வு என்பவருக்கு, புதன்கிழமையன்று கன்டெய்னரைப் புதிதாகக் கற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவே. விடுமுறையில் அதைக் கற்றுக்கொள்ளட்டும்.

ஆனால் ஓர் இடத்தில் கன்டெய்னரைத் தவிர வேறு நல்ல வழி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஜிலிப்சி_2.38 கிடைக்கவில்லை என்பதுபோன்ற செய்தி வந்தால், உங்கள் கணினியைவிட மென்பொருள் புதியது என்று பொருள். பழைய ஜிலிப்சிக்காகக் கட்டிய நிரல் புதியதில் ஓடும். புதியதற்காகக் கட்டியது பழையதில் ஓடாது. அங்கே கணினியைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது கன்டெய்னர். 2024 ஜூனில் சென்டோஸ் 7-இன் ஆதரவு முடிந்த பிறகும் அதிலேயே தங்கிவிட்டவர்களுக்கு ஜிலிப்சி 2.17-தான் இருக்கிறது, அவர்கள் இந்தச் செய்தியை வாரந்தோறும் பார்ப்பார்கள்.

---

குரோம்பேட்டை மாணவி | புதன், இரவு 9.15

மூவருக்கும் மிக்க நன்றி. சிம்லிங்கையும் பாஷ்ஆர்சி வரியையும் நீக்கினேன். மற்ற நிரல்கள் உடனே சரியாகிவிட்டன. இரண்டு டெப் கோப்புகளையும் நிறுவிவிட்டு இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டியபோது, மூன்று மணி நேரம் நின்ற அந்தப் படி இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஃபைல் கட்டளை 32-பிட் என்றே சொன்னது. ஐ386 லைப்ரரிகள் வந்த பிறகு சிமுலேட்டரும் திறக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. மென்பொருள் இப்போது திறக்கிறது, சின்தசிஸ் முடிகிறது, ஆனால் வடிவமைப்பின் வரைபடத்தைத் திறந்தால் அந்தச் சாளரம் மட்டும் கறுப்பாக இருக்கிறது. டெர்மினலில் பழைய ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 செய்தி மறுபடியும் வருகிறது. பாஷ்ஆர்சியில்தான் இப்போது எதுவும் இல்லையே?

அடுத்தது, வேறு எதுவும் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க எல்டிடியை ஓட்டினேன். மென்பொருளின் பெயரில் உள்ள கோப்பு இயங்குநிலை நிரல் அன்று என்கிறது. உள்ளே தேடிப்பிடித்த வேறொரு கோப்பில் ஓட்டினால், அறுபதுக்கும் மேற்பட்ட லைப்ரரிகள் இல்லை என்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்கு அறுபது லைப்ரரிகள் இல்லாமல் இருக்க முடியுமா?

---

பெருங்குடி பொறியாளர் | புதன், இரவு 10.25

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். பின் என்று பெயருள்ள கோப்புறையில் மென்பொருளின் பெயரில் இருப்பது வெறும் ஷெல் ஸ்கிரிப்ட். உரைத்தொகுப்பியில் திறந்து படித்தே பார்க்கலாம். அது சூழல் மாறிகளை எல்லாம் அமைத்துவிட்டு, அன்ராப்டு போன்ற பெயருடைய உட்கோப்புறையிலுள்ள உண்மையான நிரலை அழைக்கிறது. அந்த உண்மையான நிரலை நீங்கள் ஸ்கிரிப்ட் இல்லாமல் நேராக எல்டிடியிடம் கொடுத்தபோது, மென்பொருள் தன்னோடு கொண்டுவந்த லைப்ரரிகள் எங்கே என்று எல்டிடிக்குத் தெரியவில்லை. அந்த அறுபதும் அவைதான். ஒரு புதிய டெர்மினலில், மென்பொருளின் லைப்ரரிக் கோப்புறையை எல்டி_லைப்ரரி_பாத்தில் அந்த ஒரே கட்டளை வரியின் முன்னால் மட்டும் எழுதி எல்டிடியை ஓட்டி, நாட் ஃபவுண்ட் என்று வரும் வரிகளை மட்டும் கிரெப் கட்டளையால் வடிகட்டுங்கள். அப்போதும் மிஞ்சுபவையே உண்மையில் இல்லாதவை.

எல்டிடிக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. நிரல் ஓடத் தொடங்கிய பிறகு, தேவைப்படும் நேரத்தில் கேட்டு வாங்கும் லைப்ரரிகள் அதற்குத் தெரியாது. பட்டன் ஒன்றை அழுத்தியதும் விழும் மென்பொருளில் பெரும்பாலும் அதுதான் கதை. எல்டி_டீபக் என்ற மாறிக்கு லிப்ஸ் என்று மதிப்புக் கொடுத்து இயக்கினால், ஏற்றி எந்தக் கோப்புறையில் எதைத் தேடியது, எங்கே கண்டது, எங்கே காணவில்லை என்று வரிவரியாகக் கொட்டும். ஒரு கோப்பில் திருப்பிவிட்டு, விழுந்த இடத்துக்குச் சற்று மேலே படியுங்கள். கியூடி (சாளரங்களை அமைக்கும் கருவித்தொகுப்பு) கொண்டு எழுதிய மென்பொருள்கள் எக்ஸ்சிபி பிளக்கினை ஏற்ற முடியவில்லை என்று சொல்லி விழும்போதும் இது உதவும், கியூடி 6.5 முதல் அங்கே பெரும்பாலும் விடுபட்டிருப்பது லிப்எக்ஸ்சிபி-கர்சர்0.

இனி கறுப்புச் சாளரம். பாஷ்ஆர்சியில் நீங்கள் செய்த அதே காரியத்தை, மேலே சொன்ன ஷெல் ஸ்கிரிப்ட் தனக்குள் செய்துகொள்கிறது. அதனால் மென்பொருள் தன்னுடைய பழைய லிப்எஸ்டிடிசி++-ஐ முதலில் ஏற்றிவிடுகிறது. பிறகு வரைபடம் வரைய உங்கள் கணினியின் மெசா வரைகலை இயக்கியை அழைக்கிறது, மெசா எல்எல்விஎம்மை அழைக்கிறது, எல்எல்விஎம்மோ 24.04-இல் புதிய கம்பைலரால் கட்டப்பட்டது. ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 என்ற முத்திரை ஜிசிசி கம்பைலரின் 12-ஆம் பதிப்புடன் வந்தது. ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பழைய லைப்ரரியில் அது இல்லை. உங்கள் கணினியில் புதிய லிப்எஸ்டிடிசி++ இல்லாமல் இல்லை. நாற்காலி காலியாக இல்லை.

இங்கேதான் மறுபடியும் அந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6 என்ற 6, 2004-இல் ஜிசிசி 3.4 வெளியானதிலிருந்து இன்றுவரை மாறவே இல்லை. புதிய முத்திரைகளைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள், பழையவற்றை எடுப்பதில்லை. ஆகவே உங்கள் கணினியிலுள்ள புதிய கோப்பு, பழைய மென்பொருள் கேட்பதையும் தரும், எல்எல்விஎம் கேட்பதையும் தரும். மென்பொருளின் லைப்ரரிக் கோப்புறையில் உள்ள லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6-க்கு, பின்னால் .பழையது என்று பொருள்படும் ஏதாவது ஒரு வால் சேர்த்துப் பெயரை மாற்றிவிடுங்கள். அழிக்க வேண்டாம், பெயரை மாற்றினால் போதும். ஏற்றி அங்கே அதைக் காணாமல் கணினியின் கோப்புக்கு வந்துவிடும். ஒரே பெயரில் இரண்டு மூன்று உட்கோப்புறைகளில் இருக்கலாம். ஃபைண்ட் கொடுத்து எல்லாவற்றையும் பார்த்து, 64-பிட் கோப்புகளை மட்டும் மாற்றுங்கள்.

லிப்டின்ஃபோவில் எண் மாறியது, அதனால் பழையதைக் கொண்டுவந்தோம். இதில் எண் மாறவில்லை, அதனால் பழையதை ஒதுக்குகிறோம்.

---

குரோம்பேட்டை மாணவி | வியாழன், இரவு 8.50

மூன்று இடங்களில் அந்தக் கோப்பு இருந்தது. இரண்டு 64-பிட், ஒன்று 32-பிட். இரண்டை மட்டும் பெயர் மாற்றினேன். வரைபடம் தெரிகிறது. ஆய்வகத்திலிருந்து போர்டை இன்று மாலை வீட்டுக்கு எடுத்துவர அனுமதி கிடைத்தது. கேபிளை முதலில் கண்டுகொள்ளவில்லை, தரமணி நண்பர் எழுதிய யுடெவ் விதி நினைவுக்கு வந்து, மென்பொருளுடன் வந்த கேபிள் இயக்கி ஸ்கிரிப்டை சூடோ கொடுத்து ஓட்டி, கேபிளைப் பிடுங்கிச் செருகியதும் வந்துவிட்டது. எட்டு எல்ஈடிகளும் வரிசையாக எரிந்து அணைகின்றன. அம்மா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எல்டிடியையும் நீங்கள் சொன்னபடி ஓட்டினேன். அறுபதுக்கு மேல் இருந்தது, ஒன்றுமில்லாமல் போயிற்று.

கடைசியாக ஒன்று: நாளைக்கு மதிப்பாய்வு முடிந்ததும் கணினியைப் புதுப்பித்தால், 22.04-இலிருந்து கொண்டுவந்த அந்தக் கோப்புகளை உபுண்டு தூக்கி எறிந்துவிடுமா?

---

கிண்டி ஆய்வகப் பொறுப்பாளர் | வியாழன், இரவு 9.40

வழக்கமான ஏபிடி அப்கிரேடு அவற்றைத் தொடாது. நீங்களாக நிறுவியவை என்று குறித்து வைத்திருப்பதால் ஆட்டோரிமூவும் தொடாது. அடுத்த உபுண்டு வெளியீட்டுக்கு மாறும்போது மட்டும், களஞ்சியத்தில் இல்லாத பழைய பேக்கேஜ்களை நீக்கட்டுமா என்று கேட்கும். அந்தப் பட்டியலில் லிப்டின்ஃபோ5 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த டெப் கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வகுப்பில் இன்னும் எத்தனை பேர் இதே படியில் நின்றுகொண்டிருக்கிறார்களோ.